ஆறாயிரத்து அறுநூற்று முப்பத்தேழு ரூபாய் மொய்

மரிய ஆல்பர்ட் எழுதிய மொய் நோட்டில் இதுவரை யாரும் ஓர் அடித்தல் திருத்தல் பார்த்ததில்லை. வரதராஜன்பேட்டையில் கல்யாணமோ காதுகுத்தோ எது வைத்தாலும், சமையல்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆல்பர்ட்டிடம் தேதி சொல்லிவிடுவார்கள். மாதா கோயில் தெரு, மாரியம்மன் கோயில் தெரு என்ற பேதம் அவன் பேனாவுக்குக் கிடையாது. பந்தல் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தால் ஊர், தகப்பன் பெயர், தன் பெயர், தொகை என்று நான்கு கட்டங்களில் எழுத்து முத்து முத்தாக விழும். ஒருமுறை சொந்தச் சித்தப்பா இருநூறு ரூபாயை வைத்துவிட்டு, "ஐந்நூறுன்னு போட்டுக்கடா, பாக்கிய நாளைக்குத் தரேன்" என்றார். ஆல்பர்ட் இருநூறு என்று எழுதிவிட்டு, "நாளைக்கு வந்தீங்கன்னா இன்னொரு வரி போட்டுக்கலாம் சித்தப்பா" என்றான். சித்தப்பா மூன்று வருடம் அவனோடு பேசவில்லை. ஆல்பர்ட்டுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் நோட்டில் இருநூறு இருநூறாகவே இருந்தது.

பிழைப்புக்கு ஜெயங்கொண்டம் ரோட்டில் ஓர் எடைமேடையில் வேலை. கரும்பு, மக்காச்சோளம், முந்திரி, பழைய இரும்பு என்று லாரிகள் வந்து மேடையில் ஏறும். லோடு எடை, காலி எடை, நிகர எடை மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுப்பான். பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய வருடம் அப்பா அமிர்தசாமி இறந்துபோனார். அந்த வருடம் வேலைக்கு வந்தவன்தான், இப்போது முப்பத்து நான்கு வயது. தான் விட்ட படிப்பையெல்லாம் தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான தங்கை ஷாலினி மேரியின் தலையில் ஏற்றி, பெரம்பலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் சேர்த்துவிட்டிருந்தான். அந்த எடைமேடைக்கு வருகிற அத்தனை டிரைவருக்கும் ஷாலினி உடற்கூறியலில் எழுபத்தெட்டு வாங்கியது தெரியும். சீட்டோடு அந்தத் தகவலும் சேர்ந்தே வரும். "உடம்புல எத்தன எலும்பு தெரியுமாண்ணே? எங்க தங்கச்சி தூக்கத்துல கேட்டாலும் சொல்லும்" என்பான். டிரைவர்கள் தலையாட்டிவிட்டு, "மொதல்ல எடையச் சொல்லுப்பா" என்பார்கள்.

படிப்புக் கட்டணத்தை அரசாங்க உதவித்தொகை பார்த்துக்கொண்டது. விடுதி, சாப்பாடு, சீருடை, புத்தகம், பஸ் ஆகியவற்றுக்கு பாடாலூர் அய்யாக்கண்ணு என்ற ஜல்லி ஆலை முதலாளி தன் தாயார் பெயரில் நடத்திய மருதாயி கல்வி அறக்கட்டளை, வருடத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தது. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் எட்டு நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருந்தன. ஆல்பர்ட் எட்டையும் படித்தான். அறக்கட்டளை தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்தைப் படித்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டும். ஏழாவது நிபந்தனை சொன்னது: வருட முடிவில் ரசீதுகளோடு கணக்குத் தர வேண்டும். எட்டாவது சொன்னது: செலவு போக மீதி இருந்தால் திருப்பிச் செலுத்த வேண்டும்.

அந்த எட்டாவது நிபந்தனையை ஆல்பர்ட் மனதில் ஏற்றிக்கொண்ட நாளிலிருந்து ஷாலினிக்குச் சனி பிடித்தது.

புத்தகங்களை மேல்வகுப்புப் பெண்களிடம் பாதி விலைக்கு வாங்கினான். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை என்பதால், வரதராஜன்பேட்டையிலிருந்து பெரம்பலூர் வரை டவுன் பஸ் மாறி மாறியே போய்விடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்துத் தாளில் வரைந்து கொடுத்தான். ஷாலினி ஒரே ஒரு தடவை அப்படிப் போனாள். எட்டு மணி வகுப்புக்கு ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். விடுதியில் பதினைந்து ரூபாய் கொடுத்தால் ஆம்லெட் தனியாகப் போட்டுத் தருவார்கள். படிவத்தில் ஆம்லெட் என்று ஒரு செலவு இனம் இல்லை, அதனால் அதுவும் இல்லை. கல்லூரிச் சுற்றுலாவும் இல்லை. அவள் வீட்டுக்கு வந்திருந்த முப்பத்தொரு நாளுக்குச் சாப்பாட்டுக் காசைக் கழித்துத் தரச் சொல்லி விடுதி அலுவலகத்தில் நான்கு தடவை நின்று, நாளுக்கு எழுபது வீதம் இரண்டாயிரத்து நூற்றெழுபது ரூபாயைத் திருப்பி வாங்கினான்.

இப்படியாக மே மாதம் முதல் வருடம் முடிந்தபோது, நாற்பதாயிரத்தில் ஆறாயிரத்து அறுநூற்று முப்பத்தேழு ரூபாய் மிச்சம் நின்றது. ஆல்பர்ட் அதை ஒரு காக்கிக் கவரில் போட்டு, மேலே "மீதி" என்று எழுதி, பைபிளுக்குள் வைத்தான். மூன்று முறை எடுத்து எண்ணினான். உலகத்தில் எத்தனை பேருக்கு உதவித்தொகையில் மீதி நிற்கும் என்று அம்மா மதலேனம்மாளிடம் கேட்டான்.

"அது மீதியில்லண்ணா," என்றாள் ஷாலினி. "நான் திங்காத ஆம்லெட்டு."

மறுநாள் காலை அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போன் போட்டான். பெரம்பலூரில் ஓர் உரக்கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் ஜோதி என்ற அம்மாள் ஒருவர்தான் கணக்கு, தபால், தொலைபேசி எல்லாமே.

"மேடம், மீதிப் பணம் கட்டணும். எப்பிடிங்க கட்டுறது?"

"என்ன பணம்?"

"மீதிங்க. எட்டாவது நிபந்தனை."

"தம்பி, பதினோரு வருஷமா இங்க இருக்கேன். பத்தலன்னு போன் பண்ணுவாங்க. மீதின்னு ஒருத்தரும் பண்ணுனதில்ல. அதுக்கு ரசீது புக்கே கெடையாது."

"பேங்குல போட்டுடவா?"

"போட்டா நன்கொடைன்னு விழும். நன்கொட குடுக்குற வசதி இருக்கறவங்களுக்கு எதுக்கு உதவித்தொகைன்னு ஆடிட்டரு கேப்பாரு. அடுத்த வருஷம் வெட்டிருவாரு. பேசாம ஏதாச்சும் வாங்குன மாதிரி ஒரு பில்லு வச்சுருங்க."

"வராத லாரிக்கு எட போட முடியாதுங்க மேடம்," என்றான் ஆல்பர்ட்.

"என்ன லாரி?" என்று ஜோதி கேட்டார். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

ஒரு வாரம் அந்தக் கவர் பைபிளுக்குள்ளேயே கிடந்தது. எடைமேடையில் லாரி ஏறும்போதெல்லாம் அவனுக்குத் தன் நெஞ்சிலும் ஒரு லோடு நிற்பது போலிருந்தது. இறக்கி வைக்க இடமில்லை. அப்போதுதான் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. பாடாலூர் அய்யாக்கண்ணு - கலியம்மாள் தம்பதியின் மகள் சிவரஞ்சனியின் குழந்தை பூவரசனுக்குச் சிறுவாச்சூர் கோயிலில் வெள்ளிக்கிழமை மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். பக்கத்து மண்டபத்தில் விருந்து. உதவி பெறும் மாணவர் குடும்பங்கள் அனைவரும் வர வேண்டும்.

ஆல்பர்ட் பத்திரிகையை இரண்டு முறை படித்தான். அவன் முகம் தெளிந்தது.

"அம்மா, வழி கெடச்சிருச்சு. மொய்யா எழுதிட்டு வந்துரலாம்."

"எத?"

"மீதிய. அவங்க குடுத்த பணம், அவங்க வூட்டு விசேஷத்துல திரும்பிப் போவுது. இதவிட முறையா எப்பிடித் திருப்புறது? ஆபீசு ரசீது தொலையும். மொய்க் கணக்கு தொலையுமா? எவ்ளோ குடும்பத்துல பத்திரத்தத் தொலைச்சிட்டு மொய் நோட்ட மட்டும் பத்திரமா வச்சிருக்காங்க."

மதலேனம்மாளுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. வாங்கியவர்கள் திருப்பிச் செய்கிறார்கள், அவ்வளவுதானே. ஷாலினி மட்டும், "அண்ணா, இது காலேஜ் பணம், காதுகுத்துல எப்பிடி" என்று ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடம் மொய் எழுதியவனிடம் மொய் பற்றி வாதாட முடியாது என்று விட்டுவிட்டாள்.

சிறுவாச்சூர் மண்டபத்தில் மொய் மேசையில் நோட்டுக்குப் பதில் லேப்டாப் இருந்தது. ஒரு பெண் தட்டச்சு செய்ய, பக்கத்தில் ஒரு குட்டி இயந்திரம் சீட்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. ஆல்பர்ட்டுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. கட்டமில்லாத மொய் என்ன மொய். ஆனால் வரிசையில் முன்னால் நின்றவர் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தான். மேலே பிள்ளையார், நடுவில் மொட்டைக் குழந்தையின் படம், கீழே பெயரும் தொகையும், கடைசியில் "நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்." அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோதி மேடம் இல்லையென்று சொன்ன ரசீது இங்கே வண்டி வண்டியாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஊருங்க?"

"வரதராஜன்பேட்டை."

"பேரு?"

"ஷாலினி மேரி. பி.எஸ்ஸி. நர்சிங், ரெண்டாம் வருஷம் போவுது."

"படிப்புக்கு எடம் இல்லீங்க. தொகை?"

"ஆறாயிரத்து அறுநூத்து முப்பத்தேழு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஆறாயிரத்து ஐந்நூத்தி ஒண்ணுன்னு போட்டுக்கவா?"

"முப்பத்தேழுங்க. எண்ணிக்கிங்க. ஏழு ரூபா சில்லறையா இருக்கு."

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, கரண்டு பில்லா கட்டுறாரு?" என்று கேட்டார்.

சில்லறையை எண்ணி முடிக்கும்வரை வரிசை நின்றது. சீட்டு வந்ததும் ஆல்பர்ட் அதை இரண்டு விரலால் வாங்கி, மடிக்காமல் சட்டைப் பைக்குள் நிறுத்தி வைத்துக்கொண்டான். பந்தியில் அவன் ரசத்தோடு எழுந்திருக்கப் பார்த்தபோது மதலேனம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஆறாயிரத்து அறுநூறு எழுதிட்டு ரசத்தோட எந்திரிக்கிற. பாயாசம் ரெண்டு தடவ வாங்குடா."

ஜூன் மாதம் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அறுபத்திரண்டு ரசீதுகள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் எண். அறுபத்திரண்டாவது இணைப்பு, மொட்டைக் குழந்தையின் படம் போட்ட சீட்டு. ஜோதி கனத்தைப் பார்த்தே பயந்து, பிரிக்காமல் திருச்சி ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் முதல் வாரம் கடிதம் வந்தது. ஆல்பர்ட் எடைமேடையில் நின்றுகொண்டே படித்தான். "இணைப்பு அறுபத்திரண்டு, காதணி விழா அன்பளிப்புச் சீட்டு. இது அறக்கட்டளைக்குச் செலுத்தப்பட்ட தொகை ஆகாது. மீதி ரூ. 6,637 நிலுவையில் உள்ளது. இம்மாத இறுதிக்குள் 'செலவழிக்கப்படாத உதவித்தொகை' என்ற புதிய இனத்தில் செலுத்தினால் மட்டுமே இரண்டாம் ஆண்டுக்கான உதவி வழங்கப்படும்." அன்று ஒரு கரும்பு லாரி இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் அவன் சீட்டே எழுதினான்.

மாதக் கடைசிக்குள் விடுதிக் கட்டணம் கட்டாவிட்டால் ஷாலினியின் அறையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கட்டணமே அறக்கட்டளைப் பணத்தில்தான் கட்ட வேண்டும். மறுநாளே பெரம்பலூருக்குப் பஸ் ஏறினான்.

"மேடம், பணம் ஐயா வூட்டுக்குத்தான போச்சு?"

"ஐயா வூடு வேற, டிரஸ்ட்டு வேற தம்பி."

"ஐயா பணத்துலதான டிரஸ்ட்டே நடக்குது?"

"ஆமா."

"அப்ப வூட்டுக்கு வந்தத ஐயா எடுத்து டிரஸ்ட்டுல போட்டுட்டா சரியாப் போச்சுல்ல?"

ஜோதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போயி கலியம்மாள் அம்மாகிட்ட கேளுங்க, பேரன் காதுகுத்து மொய்யத் திருப்பிக் குடுங்கன்னு. நான் கேக்க மாட்டேன். எனக்கு இன்னும் ரெண்டு புள்ளைங்க படிக்கணும்."

அதுதான் சிக்கல். பன்னிரண்டு வருடத்தில் ஆல்பர்ட் எத்தனையோ பார்த்திருக்கிறான். மொய்யைக் குறைத்து எழுதச் சொன்னவர்கள், வெற்றுக் கவர் வைத்தவர்கள், சாப்பிட்டுவிட்டுப் பின்வாசலால் போனவர்கள். எழுதிய மொய்யைத் திருப்பிக் கேட்டவன் ஒருத்தன்கூடக் கிடையாது. அப்படி ஒருவன் இருந்தால் அவனுக்கு அடுத்த தலைமுறையில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கைமாத்து வாங்கிக் கட்டிடேண்ணா," என்றாள் ஷாலினி.

"கட்டுனா ஒரே மீதி ரெண்டு தடவ போன மாதிரி ஆவும். ஒரு லாரிய ரெண்டு தடவ ஏத்தி எறக்குனா ரெண்டு லோடாயிடுமா? கணக்கு இடிக்கும்."

"இடிச்சா இடிக்கட்டும்."

"அப்பிடிச் சொல்லாத."

மதலேனம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "மொய் திரும்பணும்னா நம்ம வூட்ல ஒரு விசேஷம் வக்கணும். அவங்க வந்து எழுதிட்டுப் போறாங்க. முப்பத்தினாலு வயசாவுது, ஒரு கல்யாணத்தப் பண்ணிக்க. அந்தச் சாக்குலயாவது எனக்கு ஒரு மருமவ வரட்டும்."

"இருவது நாள்ல எங்கம்மா பொண்ணு பாக்குறது?"

"அப்ப நம்ம ஆட்டுக்குக் காது குத்துவோம்," என்றாள் ஷாலினி. "அதுக்குத்தான் காது பெருசா இருக்கு."

ஆல்பர்ட் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் ஷாலினியின் சிரிப்பும் நின்றது. வேறு குரலில், "ரூமு போயிடுமாண்ணா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அரியலூர், பெரம்பலூர் வழியாக மூன்று பஸ் மாறிப் பாடாலூர் போய்ச் சேர்ந்தான். திருப்பிக் கேட்பதாக எண்ணமில்லை. நடந்ததைத் தெரியப்படுத்திவிட்டு வந்துவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

கலியம்மாள் கூடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, அச்சடித்த மொய்ப் பட்டியலில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். வரதராஜன்பேட்டை என்றான். பேனா நின்றது.

"முப்பத்தேழு நீதானா?"

"நாந்தாங்கம்மா."

"ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமில்ல, தெரியுமா? எல்லாரும் ஐந்நூத்தி ஒண்ணு, ஆயிரத்தொண்ணுன்னு எழுதியிருக்கான். நீ ஒருத்தன் முப்பத்தேழுன்னு எழுதியிருக்க. அந்த ஊர்ல நமக்கு ஒறவு கெடையாது. எங்க மாமனார் காலத்துல யாருக்காவது பணம் குடுத்து வச்சிருந்தாரோ, அது வட்டியோட வருதோன்னு துறையூர் வரைக்கும் போன் போட்டுக் கேட்டுட்டேன். யாருப்பா நீ?"

ஆல்பர்ட் முதலிலிருந்து சொன்னான். எட்டாவது நிபந்தனை, ஆம்லெட், எழுபது ரூபாய் வீதம் முப்பத்தொரு நாள், காக்கிக் கவர், இணைப்பு அறுபத்திரண்டு, ஆடிட்டர். கலியம்மாள் பேனாவை மூடி வைத்தாள். முடிந்ததும் உள்ளே பார்த்து, "என்னங்க, இங்க வாங்க. டிரஸ்ட்டுப் பணத்தக் கொண்டாந்து நம்ம பேரன் காதுல மாட்டிட்டுப் போயிருக்காரு இந்தத் தம்பி" என்றாள்.

அய்யாக்கண்ணு வந்தார். கதையைக் கேட்டார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டார். "இதுக்கா மூணு பஸ்ஸு மாறி வந்த? இந்தா, ஏழாயிரமா வச்சுக்க."

"கைய எடுங்க," என்றாள் கலியம்மாள். "வாங்குன மொய்ய விசேஷம் இல்லாம திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்? ஒன் மொய்யி எங்களுக்கு வேண்டாம்னு அர்த்தம். புள்ளைக்கு ஆகுமா?"

"அம்மா சொல்றது சரிங்கய்யா," என்றான் ஆல்பர்ட்.

அய்யாக்கண்ணு அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, பணம் யாருக்கு வேணும்? எனக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தாங்கய்யா. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லீங்களா."

கலியம்மாள் முதல்முறையாக அவனை மதிப்போடு பார்த்தாள். காப்பி வரவழைத்தாள். "ஒங்க வூட்ல என்ன விசேஷம் வருது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

"ஒனக்குக் கல்யாணம்?"

"தங்கச்சி படிச்சு முடிச்சப்பறம்."

"அது மூணு வருஷம் ஆவும். யோசிச்சுச் சொல்லு. சின்னதா எதுனாலும் பரவால்ல."

ஆல்பர்ட் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு மெல்ல, "காலேஜுல விளக்கேத்துற விழா ஒண்ணு இருக்குங்கம்மா" என்றான். "நர்சு புள்ளைங்கல்லாம் வெள்ள உடுப்புப் போட்டு, ஆளுக்கு ஒரு விளக்கு ஏத்தி, உறுதிமொழி எடுப்பாங்களாம். மொத வருஷமே வைக்கணும், தள்ளிப்போயி இப்ப இருவத்திரண்டாம் தேதி வைக்கறாங்க. நான் போறதா இல்ல. பஸ்ஸு காசு தெண்டம்னு..."

"விளக்கு ஏத்துறாங்களா?"

"ஆமாங்கம்மா."

"அப்பறம் என்ன. விளக்கு ஏத்துனா அது விசேஷந்தான்."

இருபத்திரண்டாம் தேதி கல்லூரி அரங்கம் நிறையக் கூட்டம். கலியம்மாள் பட்டுச்சேலையில், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு ரவிக்கைத் துணி வைத்த தட்டோடு வந்து சேர்ந்தாள். மற்ற பெற்றோர்கள் வெறுங்கையோடு வந்திருந்ததால், நாம்தான் ஏதோ மறந்துவிட்டோமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொய் எங்க எழுதுறாங்க?" என்று கேட்டாள் கலியம்மாள்.

ஆல்பர்ட் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். மஞ்சள் பையிலிருந்து புது நோட்டை எடுத்தான். முதல் பக்கத்தில் "ஷாலினி மேரி விளக்கேற்று விழா" என்று முந்தின நாளே எழுதி, நான்கு கட்டமும் போட்டு வைத்திருந்தான். பாடாலூர், அய்யாக்கண்ணு, கலியம்மாள், ஏழாயிரத்து ஒன்று. வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் செய்வதுதான் முறை. அவள் முறை தவறவில்லை. அவனும் சந்தோஷமாகக் கோடு போட்டான்.

அதோடு நோட்டை மூடியிருக்க வேண்டும். ஆனால் மை காயட்டும் என்று திறந்தே வைத்திருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேட்டிக்காரர் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்தார். கட்டங்களைப் பார்த்தார். அவர் கை தானாகப் பைக்குள் போனது. "செந்துறை. நூத்தியொண்ணு போட்டுக்குங்க," என்றார். ஆல்பர்ட்டின் கையும் தானாகவே எழுதிவிட்டது. அடுத்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர். நோட்டு திறந்திருக்கிறது, ஓர் ஆள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான். அதற்குமேல் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மேடையிலிருந்த கல்லூரி முதல்வர் ஒலிபெருக்கியில், "பின்னாடி யாருங்க அது, வசூல் பண்றது?" என்று கேட்டார்.

ஆல்பர்ட் எழுந்து நின்று, "வசூல் இல்லீங்க மேடம், மொய்" என்றான். அரங்கமே திரும்பிப் பார்த்தது. வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்ற அறுபது பெண்களில் ஒருத்தி மட்டும் விளக்கால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். விளக்கு சின்னது, மறைக்கவில்லை.

அவன் சட்டென்று உட்கார்ந்து, வந்தவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். ஒருவரும் வாங்கவில்லை. "எழுதுனது எழுதுனதுதான் தம்பி" என்றார் செந்துறைக்காரர். அவரும் முறையைத்தான் சொன்னார். மூன்றாவதாக வந்தவரின் பெயரையும் எழுதிவிட்டு நோட்டை மூடுவதென்று தொகைக் கட்டத்தில் பேனாவை வைத்தபோது கலியம்மாள் அவன் தோளைத் தட்டினாள்.

"அங்க பாரு தம்பி."

மேடையில் ஷாலினி மேரி என்று பெயர் வாசித்தார்கள். அவள் குனிந்து தன் விளக்கைப் பெரிய விளக்கில் ஏற்றினாள். நிமிர்ந்தாள். திரியிலிருந்த சுடர் சற்று ஆடி நின்றது. கடைசி வரிசையைத்தான் முதலில் பார்த்தாள். முறைக்கலாமா சிரிக்கலாமா என்று அவளுக்கே தெரியாத ஒரு பார்வை. பிறகு சிரித்துவிட்டாள்.

ஆல்பர்ட் அவள் போய் வரிசையில் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். குனிந்தபோது, நூற்றொன்று என்று எழுத வேண்டிய கட்டத்தில் பேனா அங்கேயே நின்று மை ஊறி, ஒரு கரும்பொட்டு விழுந்திருந்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினான். பன்னிரண்டு வருடத்தில் முதல் அடித்தல். அதற்காக அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக வங்கிக்குப் போய், கலியம்மாள் கொடுத்த பணத்திலிருந்து ஆறாயிரத்து அறுநூற்று முப்பத்தேழைப் புதிய இனத்தில் கட்டினான். ஜோதி புதிதாக ரசீதுப் புத்தகம் அச்சடித்திருந்தார். அதில் முதல் எண் ரசீது ஷாலினி மேரிக்குக் கிடைத்தது. இருபத்தெட்டாம் தேதி நாற்பதாயிரம் வந்து, முப்பதாம் தேதி விடுதிக் கட்டணம் கட்டியாகிவிட்டது. அறை போகவில்லை. அந்த வருடம் அறக்கட்டளை அச்சடித்த படிவத்தின் பின்பக்கத்தில் எட்டுக்குப் பதிலாக ஒன்பது நிபந்தனைகள் இருந்தன. "மீதித் தொகையை எக்காரணம் கொண்டும் மொய்யாக எழுதக் கூடாது" என்ற ஒன்பதாவது நிபந்தனை எதற்காக என்று மற்ற மாணவர்கள் யாருக்கும் விளங்கவில்லை. யாரும் அதைப் படிக்கவுமில்லை.

செந்துறைக்காரர் உட்பட மூன்று பேரின் முந்நூற்று மூன்று ரூபாய், அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வதற்காகத் தனிக் கவரில் போய்விட்டது. கலியம்மாள் சேர்த்துச் செய்த முந்நூற்று அறுபத்து நான்கு ரூபாய்தான் பாக்கி. அது யாருடையது என்று ஆல்பர்ட் ஒரு ஞாயிறு முழுக்க யோசித்தான். விழா யாருடையதோ பணமும் அவருடையது என்று கடைசியில் தீர்ப்புச் சொல்லி, ஷாலினி கையில் கொடுத்தான்.

"என்ன வேணுமோ வாங்கிக்க."

"ரசீது?"

"வேண்டாம்," என்றான் ஆல்பர்ட். சொல்லிவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

ஆனாலும் அவள் அவன் தங்கை. மறுநாளிலிருந்து அவன் போனுக்குத் தினம் ஒரு படம் வந்தது. விடுதித் தட்டு, அதில் ஓர் ஆம்லெட், ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று எண். எடைமேடையில் டிரைவர்களுக்கு எலும்புக் கணக்கோடு ஆம்லெட் கணக்கும் சேர்ந்து வந்தது. இருபத்து நான்காவது படம் வந்த அன்று அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்:

"பணம் முடிஞ்சுதுண்ணா. நாலு ரூபா மீதி. யார் வூட்ல காதுகுத்து?"